ஹெலிகேம் ஆப் மூலம் கல்யாண வீட்டு வீடியோ வெளிநாடு போய்விட்டதா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 29. கல்யாண போட்டோகிராஃபர். ஊர், பெயர், ட்ரோன் (கல்யாண வட்டாரத்தில் ஹெலிகேம்) எந்தக் கம்பெனி என்பதையெல்லாம் எடுத்துவிட்டு, அவருடைய நீளமான கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா மகன் 2023-இல் லீவுக்கு வந்தபோது ஒரு சின்ன ட்ரோன் கொண்டுவந்து கொடுத்தார். 250 கிராமுக்கும் கீழே, அதனால் சட்டம் பொருந்தாது. போனில் ஆப் போட்டு அதில்தான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு பூர்வீக வீட்டில் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் பெரிய வீடு, விசேஷத்துக்கு மட்டும்தான் திறப்பார்கள். மேலிருந்து வளவு என்கிற நடுமுற்றம், முகப்பு எல்லாம் அருமையாக வந்தது. 40 விநாடி டீசர் யூடியூபில் போட்டேன். பெண்ணின் தம்பி பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறார். அவர், 'இந்த ஆப் எல்லாத்தையும் சைனாவுக்கு அனுப்பும், எங்க வீட்டு வீடியோ முழுக்க அங்கே போயிருக்கும்' என்று சொல்லிவிட்டார். இப்போது பெண்ணின் அப்பா பாக்கி 35 ஆயிரத்தைத் தர மறுக்கிறார். எந்தத் தகவலும் எங்கேயும் போகவில்லை என்று பத்திரத்தில் எழுதிக் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, கொல்லைப்புறத்தைப் படம் எடுத்ததாகச் சத்தம் போட்டார். பயந்துபோய் அன்று ராத்திரியே ஆப்பை அழித்துவிட்டேன். என் மேல் கேஸ் வருமா? ட்ரோனை விற்றுவிடலாமா?"

தம்பி, முதலில் ஒன்று. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எதை எழுதித் தரலாம் என்று கீழே சொல்கிறேன். "எங்கேயும் எதுவும் போகவில்லை" என்று உறுதி கொடுக்க உங்களால் முடியாது. அந்த ஆப்பை எழுதியது நீங்கள் இல்லை. தெரியாத ஒன்றுக்கு உறுதி கொடுப்பவர்தான் பிற்பாடு கோர்ட்டில் மாட்டுவார்.

அந்த ஐ.டி. பையன் சொன்னதில் பாதி சரி. ட்ரோன் ஆப்களைப் பற்றிய பயம் காற்றில் வந்ததில்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவம் தன் படைப்பிரிவுகளில் டி.ஜே.ஐ. என்ற சீனக் கம்பெனியின் ட்ரோன்களை ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதே வருஷம் சீனா கொண்டுவந்த தேசிய உளவுச் சட்டம், உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. 2020 ஜூலையில் பிரான்ஸின் சினாக்டிவ், அமெரிக்காவின் கிரிம் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள் டி.ஜே.ஐ. கோ 4 ஆப்பின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பிரித்துப் பார்த்தன. கூகுள் பிளேயைச் சுற்றிக்கொண்டு தன் சர்வரிலிருந்தே புதுப் பதிப்பை இறக்கும் வசதி அதில் இருந்தது. ஆப்பை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. போனின் அடையாள எண்களையும் எடுத்தது. பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைக் கழற்றிய திருட்டு ஆப்களைத் தடுக்கத்தான் அந்த அப்டேட் வசதி என்றது கம்பெனி. அந்த ஆய்வுகள் காட்டியது "இப்படிச் செய்ய முடியும்" என்பதை. யாருடைய வீடியோவையாவது அப்படி எடுத்தார்கள் என்பதற்கு அவை ஆதாரம் காட்டவில்லை.

இந்த வித்தியாசம் வக்கீலுக்கு முக்கியம். பெண்ணின் அப்பாவிடம் பேசும்போது உங்களுக்கும் முக்கியம்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2018-இல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் டி.ஜே.ஐ. லாகின் முறையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதன் வழியாக யார் வேண்டுமானாலும் இன்னொருவரை ஒரு லிங்க்கை அழுத்தவைத்து, அவர் கணக்குக்குள் போய், கிளவுடில், அதாவது கம்பெனியின் இணையச் சேமிப்பில், அவர் ஏற்றி வைத்த பறப்புப் பதிவுகளையும் படங்களையும் பார்த்திருக்க முடியும். கம்பெனி அதை அடைத்துவிட்டது. சைனா அரசாங்கம் எதற்கு, ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பையனே போதும். ஏற்றி வைத்தால்தான் அந்த ஆபத்து. ஏற்றாதவருக்கு அது இல்லை.

பொதுவாக இந்த ஆப்களில் முழு வீடியோ ட்ரோனின் மெமரி கார்டில் தங்கும். போனில் தங்குவது தரம் குறைந்த ஒரு நகல். நீங்களாக ஏற்றினால், அல்லது தானாக ஏற்றும் அமைப்பு ஆன் ஆகியிருந்தால்தான் அது கிளவுடுக்குப் போக வேண்டும். பறப்புப் பதிவு வேறு சமாச்சாரம். எங்கே மேலே ஏறியது, எந்தப் பாதை, எவ்வளவு உயரம், எத்தனை மணி, எந்தப் போன் என்பதெல்லாம் அதில் இருக்கும். போனில் இருப்பதைக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும் "சிங்க்" பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தால் அது போயிருக்கும். அழுத்தினீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட கோப்பு

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீடியோவுக்குப் பக்கத்திலும் அதே பெயரில் எஸ்.ஆர்.டி. என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பு இருக்கலாம். சினிமாவுக்குச் சப்டைட்டில் போடுவோமே, அதே வகை. நிறையப் பேர் அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பு கொடுத்த பென்டிரைவில் அப்படி ஒன்று கிடந்தது. நோட்பேடில் திறந்தேன். வரிசை வரிசையாக எண்கள்: தேதி, நேரம் (விநாடிக்கும் கீழே பிரித்து), ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., அப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம். புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம். சில மாடல்களில் வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு வரி. அந்த எண்ணை மேப்பில் ஒட்டினால் அந்த வீட்டின் மேலேயே போய் நிற்கிறது. ட்ரோனில் எடுத்த போட்டோவுக்குள்ளும் அதே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு. உள்ளே பழைய மரச்சாமான், பித்தளை, ஓவியம் என்று என்னென்ன இருக்கிறதோ. தெருவில் நின்று பார்ப்பவனுக்கு மதிலும் முகப்பும்தான் தெரியும். உங்கள் ஹெலிகேம் ஷாட்டில் வளவு எங்கே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது, மொட்டை மாடிக் கதவு எந்தப் பக்கம், கொல்லைச் சுவர் எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் 40 விநாடியில் அழகான இசையோடு தெரிகிறது. அதை யூடியூபில் போட்டது சைனா ஆப் இல்லை, தம்பி.

முழு ஃபூட்டேஜையும் எடிட்டருக்கு அனுப்பியிருப்பீர்கள். ஃபோல்டரை அப்படியே அனுப்பியிருந்தால் அந்தக் குட்டிக் கோப்புகளும் கூடவே போயிருக்கும். எடிட்டரின் ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ் லிங்க், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த பென்டிரைவ் என்று எத்தனை இடம்? ஒரு தாளில் எழுதுங்கள். பெண்ணின் அப்பா கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் பயந்தது சரிதான், பயந்த திசைதான் கொஞ்சம் மாறிப்போயிற்று.

சட்டம் உங்களை எங்கே தொடுகிறது

"250 கிராமுக்குக் கீழே, அதனால் சட்டம் பொருந்தாது" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை கல்யாண வட்டாரத்தில் பரவலாக இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது போன்ற சில சலுகைகள்தான் உண்டு. எங்கே பறக்கலாம், எங்கே அனுமதி வேண்டும் என்று பிரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலக் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். இன்னொன்று: நீண்ட நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி மாட்டினீர்களா? சில மாடல்களில் அதை மாட்டியதுமே எடை 250-ஐத் தாண்டிவிடும். அப்போது அது மைக்ரோ என்ற அடுத்த வகை. காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ஓட்டச் சான்றிதழ் வேண்டும். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு வேண்டாம்.

மாமா மகன் கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. 2023-இல் பெட்டியில் வந்த ட்ரோன் அந்த விலக்கில் வராது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "ட்ரோனை விற்றுவிடலாமா" என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பில் இல்லாத, கொண்டுவரக் கூடாத பொருளை ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்பது பிரச்சினையை வீட்டு வாசலுக்கே கூப்பிடுவது. அதை எடுத்துக்கொண்டு இன்னொரு கல்யாணத்துக்கும் போகாதீர்கள். ஹெலிகேம் வேண்டும் என்று கேட்கும் பார்ட்டிக்கு, உரிய பதிவோடும் சான்றிதழோடும் ஓட்டும் ஆளை வாடகைக்குக் கூட்டி வாருங்கள். இருக்கும் ட்ரோனை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் பில், தேதி எல்லாவற்றையும் காட்டி நேரில் கேளுங்கள். கடிதத்தில் முடியாது.

அந்தரங்கம் பற்றிய சட்டம் வேறு. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா மகன் தன் ஆசைக்கு ட்ரோன் ஓட்டியிருந்தால், சொந்த, குடும்ப உபயோகம் என்று இந்தச் சட்டம் அவனை விட்டுவிடும். காசு வாங்கிக்கொண்டு ஓட்டிய உங்களை விடாது. அடையாளம் தெரியும் முகங்கள், வீட்டின் இடக்குறிப்பு, வாடிக்கையாளர் போன் எண் எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கும் தரவு. எதற்காக எடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் சம்மதம். ஆல்பத்துக்குக் கொடுத்த சம்மதம் உங்கள் யூடியூப் விளம்பரத்துக்குச் செல்லாது. அழிக்கச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதனால் இன்றைக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி அவர் உங்களைப் பெரிய அபராதத்தில் தள்ள முடியாது. அதற்காக அசட்டையாக இருக்கவும் வேண்டாம். ஒப்பந்தம் மீறப்பட்டது, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி இப்போதே திறந்துதான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டோ உடை மாற்றிக்கொண்டோ இருந்த ஒரு பெண் ஃபிரேமில் வந்திருந்தால், விவகாரம் தரவுச் சட்டத்தைத் தாண்டிக் குற்ற வழக்குக்குப் போகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 இ பிரிவு இரண்டும் இருக்கின்றன. தெரிந்தே எடுத்தாரா என்பதுதான் அங்கே கேள்வியாக இருக்கும். உங்கள் ஃபூட்டேஜை முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படி ஏதாவது தென்பட்டால் வெட்டவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். கார்டை அப்படியே எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது

ஆப்பை அழித்ததில் இரண்டு தவறு. போனிலிருந்து ஆப் போனதால் கம்பெனியிடம் இருக்கும் உங்கள் கணக்கு போகாது. சிங்க் ஆகியிருந்தால் பதிவுகளும் அங்கேயேதான் இருக்கும். கணக்கை அழிப்பது தனி வேலை. திரும்ப உள்ளே போய், ஏற்றியது என்னென்ன என்று பார்த்து, நகல் எடுத்துவிட்டு அதை அழித்து, அப்புறம் கணக்கை மூட வேண்டும். அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் ஒன்றும் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு வருத்தம். போனில் இருந்த பறப்புப் பதிவு ஆப்போடு சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் "என் கொல்லைக்கு மேலே பத்து நிமிஷம் நின்றது" என்றால், இல்லை என்று காட்ட உங்களிடம் இருந்த சாட்சி அதுதான். வேவு பார்க்கிறது என்று நாம் பயப்படுகிற அதே பதிவு சில நேரம் நமக்குச் சாதகமாகவும் பேசும். நல்லவேளை, எஸ்.ஆர்.டி. கோப்புகள் கார்டில் இருந்தால் படம் எடுத்த நேரத்துக்காவது எங்கே பறந்தது என்று காட்டலாம். ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால் கார்டு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வக்கீலிடம் கொடுத்துவையுங்கள். தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போது சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

இனிமேல் படம் எடுக்கும்போது

யாருடைய ட்ரோனாக இருந்தாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கல்யாணப் பத்திரிகை, ஆதார் நகல், குடும்பப் படம், வங்கி ஆப் எல்லாம் இருக்கும் சொந்தப் போனில் ட்ரோன் ஆப் போடக் கூடாது. சிம் இல்லாத பழைய போன் ஒன்று போதும், திரை உள்ள ரிமோட் இருந்தால் இன்னும் நல்லது. மேப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு, மண்டபத்து வைஃபையில் சேராமல் ஓட்டலாம். இருப்பிட அனுமதியை மறுத்தால் பல ஆப்கள் பறக்கவிடாது. "ஆப் உபயோகத்தில் இருக்கும்போது மட்டும்" என்று கொடுங்கள். தொடர்புகள், மைக் இரண்டும் பறக்கத் தேவையில்லை. சிங்க், பயனர் அனுபவ மேம்பாடு, வீடியோ சப்டைட்டில் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். சில ஆப்களில் இணையத்தை முழுக்கத் துண்டித்து ஓட்டும் வசதியும் உண்டு.

இத்தனையும் செய்தாலும் ட்ரோன் முழு ஊமை ஆகிவிடாது. டி.ஜே.ஐ. ட்ரோன்கள் பறக்கும்போதே தங்கள் வரிசை எண், தாங்கள் இருக்கும் இடம், ஓட்டுபவர் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ரேடியோவில் ஒலிபரப்புகின்றன. அந்தச் சிக்னல் மறையாக்கம் செய்யப்படவில்லை, உரிய கருவி இருந்தால் யாரும் படிக்கலாம் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். ஆப் அமைப்பை மாற்றி அதை நிறுத்த முடியாது. அதில் அம்பலமாவது கல்யாண வீட்டு வீடியோ இல்லை, ரிமோட்டோடு நிற்கும் நீங்கள்.

சரி, பெண்ணின் அப்பாவிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது இது. வெள்ளைத்தாளே போதும், பத்திரம் வேண்டாம்:

"தங்கள் இல்லத் திருமணத்தில் ட்ரோன் மூலம் எடுத்த படங்களை நானாக எந்த இணையச் சேமிப்பிலும் ஏற்றவில்லை (ஏற்றியிருந்தால்: இன்ன தேதியில் ஏற்றியவற்றை இன்ன தேதியில் நீக்கிவிட்டேன்). யூடியூபில் வெளியிட்ட டீசரை இன்ன தேதியில் நீக்கினேன். எடிட்டரிடமும் என்னிடமும் உள்ள பிரதிகளில் இடக்குறிப்புக் கோப்புகளை நீக்கிவிட்டேன். ஆல்பம் ஒப்படைத்த 30 நாளில் என்னிடமுள்ள வான்வழிப் படங்களை அழித்துவிடுவேன். தங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இன்றி அவற்றை வெளியிடமாட்டேன். ட்ரோன் செயலியின் தயாரிப்பாளர் சேகரிக்கும் தொழில்நுட்பத் தகவல்கள் என் கட்டுப்பாட்டில் இல்லை. என் கணக்கை நீக்கக் கோரியுள்ளேன்."

ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள், முதலில் செய்துவிட்டு எழுதுங்கள். வக்கீலிடம் இருக்கும் கவரைப் பற்றியும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், தகராறு தீர்ந்ததும் அதையும் அழிப்பதாக. பாக்கிக்கு நோட்டீஸ் விடுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், 35 ஆயிரம் உங்கள் பணம்தான். ஆனால் பூட்டிய வீட்டின் வரைபடத்தை ஊருக்கே காட்டிவிட்டு முதல் அடியை நோட்டீஸில் வைத்தால் எந்தப் பெண்ணின் அப்பாவும் இறங்கி வரமாட்டார்.

டீசரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வக்கீலிடம் நகல் கொடுத்த கையோடு, லேப்டாப்பையும் கார்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். அந்த பெங்களூர்ப் பையனையும் போனில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஸ்.ஆர்.டி. கோப்பு ஒன்றைத் திறந்து, "ஐயா, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று இதில்தான் இருக்கிறது" என்று காட்டிவிட்டு, அவர் கண் முன்னாலேயே அழியுங்கள்.